அந்த வேலை கிடைக்காவிட்டால்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் 32 வருடம் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுவாரம் என் பேத்தி இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், அதாவது முதலீட்டு வங்கி வேலைக்குப் போகப் போகிறேன் என்றாள். கவுன்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற வேலை என்றுதான் நினைத்தேன். இல்லை தாத்தா, கம்பெனிகளைப் பங்குச் சந்தையில் ஏற்றுவது, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது விலை மதித்துச் சொல்வது என்று விளக்கினாள். சரி, நல்ல வேலைதான்.

அந்த ஞாயிறே தனியார் கல்லூரி ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையேட்டின் அட்டையில் கோட்டு போட்ட ஒரு பெண், பின்னால் இரட்டைக் கோபுரம். படிப்பின் பெயரிலேயே முதலீட்டு வங்கி இருந்தது. எல்லாம் சேர்த்து 74,000 வெள்ளி. அந்த வேலை கிடைக்காவிட்டால் இந்தச் சான்றிதழோடு வேறு எங்கே போவாள் என்று கேட்டேன். "அதெல்லாம் கிடைச்சிடும் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

நம் மலேசியாவில் உரிமம் பெற்ற முதலீட்டு வங்கிகளே ஏறக்குறைய பத்துதான். இந்தப் படிப்பை முடிக்கிற அத்தனை பேருக்கும் அங்கே நாற்காலி ஏது?

எங்கள் தோட்ட ஆபீசுக்கு வருடம் ஒரு தடவை ஆடிட்டர்கள் வருவார்கள். சின்ன வயதுக்காரர்கள்தான். ஸ்டோரில் உர மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார்கள். என் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை கூடியிருந்தாலும் பிடித்துவிடுவார்கள். அப்படி மூட்டை எண்ணிய பையன் ஒருவர் பின்னால் கோலாலம்பூரில் முதலீட்டு வங்கிக்கே போய்ச் சேர்ந்தார். கணக்கைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கேயும் வேண்டும்தானே.

அதனால் நான் சொன்னது இதுதான்: இங்கேயே ஆறாம் படிவம், அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் கணக்கியல் பாடம், அப்புறம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம். அந்தப் பட்டம் இருந்தால் ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில் தேர்வின் 13 தாள்களில் 9 வரை விலக்கு கிடைக்கலாம். சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுத் துறைத் தேர்வின் முதல் நிலையைப் பட்டம் படிக்கும்போதே எழுதலாம். வங்கி எடுக்கவில்லையா, ஆடிட் இருக்கிறது.

பேத்திக்கு முழுச் சம்மதமில்லை. எந்தப் பல்கலைக்கழகம், எங்கே இன்டர்ன் செய்தாய், ஆங்கிலம் எப்படி என்றெல்லாம் வங்கியில் பார்ப்பார்களாம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்டர்ன் இடத்துக்கு எப்போது, யாருக்கு எழுதிப் போடுவது? அதைச் சொல்லித்தர பகாவில் எனக்குத் தெரிந்து ஆளில்லை.

முடிவு வரும் வாரங்களில் உங்கள் நாளிதழில் பிள்ளைகளின் படமும் கல்லூரி விளம்பரமும் பக்கம் பக்கமாக வருகின்றன. அதில் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த வங்கிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இரண்டு பேரைப் பேச வையுங்கள். முயன்று கிடைக்காமல் வேறு பக்கம் போன ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் சொல்வதுதான் முக்கியம். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது. ஏஜென்ட் நேற்றும் போன் செய்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்