மன்சா மூசாவைப் பற்றிக் காணொளி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரலாற்றுக் காணொளி செய்யும் நண்பர்களே, வணக்கம்.

14-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசை ஆண்ட மன்சா மூசா என்றதும் "உலகிலேயே பெரிய பணக்காரர், சொத்து 400 பில்லியன் டாலர்" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அவருடைய கஜானாக் கணக்கு எதுவும் நம் கைக்கு வரவில்லை. இல்லாத கணக்கை டாலருக்கு மாற்றவும் முடியாது. மக்கா யாத்திரையில் கூடவே போன 60,000 பேர் என்ற எண்ணும் 17-ஆம் நூற்றாண்டில் திம்புக்டுவில் எழுதிய வரலாற்றிலிருந்து வருவது. அந்த யாத்திரை வழியில் மூசா கெய்ரோவுக்கு வந்ததோ 1324-இல்.

அந்த வருகையை நேரில் கண்டவர்களைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் விசாரித்து எழுதியவர் அரபு அறிஞர் அல் உமரி. அவர் சொல்வது இது: ஒரு மித்கால் பொன் (சுமார் 4.25 கிராம், அரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதல்) அதுவரை 25 திர்ஹமுக்கு (வெள்ளிக்காசு) கீழே இறங்கியதில்லை, மூசா வாரி வழங்கிய பின் 22-க்கும் கீழே போய், சுமார் 12 ஆண்டுகள் ஏறவே இல்லை. பெரிய சரிவுதான், ஆனால் எகிப்தின் பொருளாதாரமே நாசமாகிவிடவில்லை. திரும்பும்போது கைப்பணம் தீர்ந்து, கெய்ரோ வியாபாரிகளிடம் கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார் மூசா. இதை ஏனோ யாரும் தம்ப்நெயிலில் போடுவதில்லை.

இன்னொரு பிழை, சுரங்கமெல்லாம் மூசாவின் சொந்தம் என்பது. பம்புக், பூரே பகுதிகளில் பொன் தோண்டியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அங்கே ஊரைப் பிடித்து இஸ்லாத்தைப் புகுத்தினால் பொன் வரத்து குறைந்துவிடுகிறது என்று மாலி அரசர்கள் பட்டறிந்திருந்தார்கள்; அதனால் திறை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களை அவர்கள் வழியிலேயே விட்டுவிட்டார்கள். இதையும் அல் உமரிதான் எழுதுகிறார். மக்கா வரை போய்வந்த அரசர் பொன் தோண்டுவோரின் வழிபாட்டில் கை வைக்கவில்லை. ஒரு முழுக் காணொளிக்கான விஷயம் இது.

பிறகு காசு எங்கிருந்து வந்தது? திறை போக, சுங்கமும் ஒரு முக்கிய வழி. மாலிக்கு முந்திய கானா அரசின் கட்டண விவரம் 1068-இல் அரபுப் புவியியலாளர் அல் பக்ரி எழுதியதில் கிடைக்கிறது. (அவர் அந்தலூசியாவை, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினை, விட்டு நகராதவர், வணிகர் வாய்மொழியைத் தொகுத்தார்.) ஒரு கழுதைப் பொதி உப்பு உள்ளே வந்தால் 1 தீனார் (பொற்காசு), வெளியே போனால் 2. செம்புப் பொதிக்கு 5 மித்கால், மற்றச் சரக்குப் பொதிக்கு 10. சுரங்கத்தில் கிடைக்கும் பொன்கட்டி அரசருக்கு, பொன்தூள் குடிகளுக்கு. எல்லாம் சந்தைக்கு வந்தால் பொன் மதிப்பிழந்துவிடும் என்பதே காரணம். தலைநகர் இரண்டு ஊர்களாக இருந்தது: ஒன்றில் 12 பள்ளிவாசல்களோடு முஸ்லிம் வணிகர்கள், ஆறு மைல் தள்ளி இன்னொன்றில் தம் முன்னோர் சமயத்திலேயே இருந்த அரசர். ஆனால் அவருடைய மொழிபெயர்ப்பாளர்களும் பொக்கிஷதாரரும் முஸ்லிம்கள். எழுத்தும் கணக்கும் அவர்களிடம்தானே இருந்தன.

வரைபடம் போடும்போது ஒரு கவனம்: இந்தக் கானா இன்றைய மொரித்தானியாவின் தெற்கும் மாலியின் மேற்கும். 1957-இல் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட நாடு வேறு இடம்.

உப்பு வந்த வழியை 1352-இல் மொராக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து புறப்பட்ட பயணி இப்னு பதூதா விவரிக்கிறார். 25 நாளில் சகாரா நடுவே உப்புச் சுரங்க ஊரான தகாசா. வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டி, ஒட்டகத்தோலால் கூரை வேய்ந்த ஊர், தோண்டுவோர் அடிமைகள், தண்ணீரும் உவர்ப்பு. ஒட்டகத்துக்கு இரண்டு பாளம். அந்தப் பொதி, பாலையின் தென்விளிம்பு ஊரான வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால். மாலித் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40. அதற்குள் நீரில்லாப் பாலையைக் கடந்தாக வேண்டும். வழியில் ஒரு கிணற்றடியிலிருந்து 'தக்ஷீஃப்' என்னும் தூதரைத் தனியாக முன்னே அனுப்புவார்கள்; கூலி 100 மித்கால். அவர் வலாத்தா சேர்ந்து சொன்னால்தான், அங்குள்ளவர்கள் நான்கு நாள் தொலைவுக்குத் தண்ணீரோடு எதிர்கொண்டு வருவார்கள். தனிவழியில் அவர் திசை தப்பி மாண்டுபோனால், கூட்டம் வருவதே வலாத்தாவுக்குத் தெரியாது. தாகத்தில் பலர் மடிவார்கள், சில சமயம் எல்லோருமே.

நமக்குப் பக்கத்துச் சரக்கான மாலத்தீவுச் சோழியும் அங்கே போனது. மாலத்தீவில் காஜியாக இருந்து, மதுரைச் சுல்தானிடமும் தங்கிப் போனவர் இப்னு பதூதா. மாலத்தீவில் ஒரு பொன் தீனாருக்கு நான்கு லட்சம் சோழி விற்றதைப் பார்த்தவர், மாலியில் அதே தீனாருக்கு 1,150 சோழிதான் என்று எழுதிவைத்தார். அடுத்த காணொளியை இந்தச் சோழியிலிருந்து தொடங்குங்கள். 400 பில்லியனைக் கழற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சகாரா வணிக வரலாறு படிக்கும் சிலர்