ஜன்னல் ஏன் இன்னும் மாட்டவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு வாங்கியிருக்கும் உங்களில் பலர் ஜன்னல் செய்து மாட்டும் எங்களை அழைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: “கட்டடம் எழும்பி நிற்கிறது, முன்பணமும் கட்டியாயிற்று, ஜன்னல் மட்டும் ஏன் வரவில்லை?” கட்டுமான நிறுவனத்தைக் கேட்டால் ஜன்னல்காரர் வரவில்லை என்கிறார்கள். எங்களைக் கேட்டால் இடம் தயாராகவில்லை என்கிறோம். நடுவில் வீட்டு வாடகையையும் வங்கித் தவணையையும் சேர்த்துக் கட்டுகிறவர் நீங்கள். உள்ள நிலவரத்தை உங்களுக்கு விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

ஒரு வீட்டுக்கான ஜன்னல்களைப் பட்டறையில் செய்து முடிக்க அதிக நாள் பிடிப்பதில்லை. அளவுக்காகத்தான் காத்திருக்கிறோம். வரைபடத்தில் 1200 மில்லிமீட்டர் என்று இருக்கும் ஜன்னல் இடைவெளி, பூச்சு முடிந்தபின் ஒரு மாடியில் 1190 ஆகவும் அடுத்த மாடியில் 1215 ஆகவும் நிற்கும். நாங்கள் பொருத்துவதோ டஃபன்டு கண்ணாடி. உலையில் சூடேற்றிக் குளிர்வித்துவிட்டால் அதை வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. முயன்றால் முழுக் கண்ணாடியும் பொடித் துண்டுகளாக உதிர்ந்துவிடும். அதனால் வரைபட அளவை நம்பிக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க மாட்டோம்.

அந்த அளவு எங்கள் கைக்கு வருமுன் பலர் வேலை முடிய வேண்டும். தளம் போட்ட மறுவாரமே கீழ்மாடி காலியாகிவிடாது. 4.5 மீட்டருக்கு மேல் அகலம் தாண்டும் தளத்துக்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் நீளும் உத்திரத்துக்கு 21 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. முட்டு பிரித்தபின் சுவர் எழும்பும். சுவரில் எலக்ட்ரீஷியன் குழாய்க்குக் காடி வெட்டினால்தான் பூச்சு வேலை தொடங்கும். எலக்ட்ரீஷியன் அன்று வேறு சைட்டில் இருந்துவிட்டால் பூச்சு மேஸ்திரி தம் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்க மாட்டார். அடுத்த சைட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். அங்கே தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அவரால் வர முடியாது. ஒரு நாள் வராமை இரண்டு வாரத் தாமதமாவது இப்படித்தான். யாரும் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் வேலையை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் அந்த இடத்தில்தான் நாள்கள் கரைகின்றன. கூடுதல் ஆள் போட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சை நாங்கள் நம்புவதில்லை.

ஜன்னலின் அடியில் பதிக்கும் கிரானைட் பலகையையே பாருங்கள். மழைநீர் உள்ளே வராதிருக்க அது வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒப்பந்தக்காரர் அது தம் கணக்கில் இல்லை என்பார். கொத்தனார், கல் வந்தால் பதிக்கிறேன் என்பார். கல் வரும்வரை எங்களுக்கு உயர அளவு கிடையாது. அதற்குள், சார வாடகை ஏறுகிறதே என்று வெளிச்சாரத்தைப் பிரித்துவிட்டால், பத்தாவது மாடியில் ஜன்னல் சட்டத்தின் வெளி ஓரம் அடைக்கத் தொங்குமேடை வரவழைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அடைக்கும் சிலிக்கோன் பசை ஈரச் சுவரில் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் அடுத்த மழைக்கே கசிவு தொடங்கும்.

முன்கூட்டியே மாட்டிவிடச் சொல்லி வற்புறுத்துவதும் உண்டு. அதற்கு இணங்காததற்குக் காரணம் பால்கனிக் கைப்பிடி வேலை. கண்ணாடி மாட்டியபின் பக்கத்தில் வெல்டிங் வைத்தாலோ கிரைண்டர் ஓட்டினாலோ, பறக்கும் தீப்பொறி கண்ணாடியில் உருகிப் பதிந்துவிடும். எட்ட நின்றால் தெரியாது. விரலால் தடவினால் மணல் ஒட்டியதுபோல் உறுத்தும். எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்ற வாக்குவாதத்தில் இன்னும் சில வாரம் போகும்.

பலர் வேலை ஒன்றோடொன்று சேராமல் வரும் இந்தத் தாமதம், பணமும் பொறியாளர்களும் குறைவில்லாத இடத்திலும் நடந்திருக்கிறது. பெர்லின் பிராண்டன்பர்க் விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது. நாலு வாரம்கூட இல்லாதபோது நிறுத்திவிட்டார்கள். முழுப் பொறுப்பேற்கும் ஒரே ஒப்பந்தக்காரர் இல்லாமல் வேலையைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். புகை வெளியேற்றம், தானியங்கிக் கதவுகள் உள்ளிட்ட தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கவில்லை. 2020 அக்டோபர் 31-ல்தான் திறந்தார்கள்.

இனி எங்கள் நடைமுறை இது. ஒவ்வொரு மாடிக்கும் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று வைக்கிறோம். பூச்சு, கிரானைட், கைப்பிடி வெல்டிங் மூன்றும் முடிந்தன என்று சைட் பொறியாளர் கையெழுத்திட்ட நாளிலிருந்துதான் எங்கள் கெடு ஓடும். வெளி ஓரம் அடைத்து முடியும்வரை சாரத்தைப் பிரிப்பதில்லை என்பதும் அதே சீட்டில் இருக்கும். சீட்டின் படம் உங்களுக்கும் வரும். எந்த மாடி யாரிடம் நிற்கிறது என்பது அதில் தெரியும். தொலைபேசியில் வாய்வார்த்தையாகத் தேதி சொல்வதை நிறுத்திவிட்டோம்.

நீங்களும் விசாரிக்கலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுமான நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை பணி நிலவரத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். ஒப்புக்கொண்ட தேதியில் வீடு கைக்கு வராவிட்டால், விலகாமல் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி உண்டு என்கிறது 18ஆம் பிரிவு. கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்று. கொசுவலை எந்தப் பக்கம், கிரில் உண்டா, குளியலறை வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கப் போகிறீர்களா, எத்தனை அங்குல ஃபேன் என்பவற்றை நாங்கள் அளவெடுக்க வரும் நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃபேனுக்கான வட்டத் துளையைக் கண்ணாடி உலைக்குப் போகுமுன்தான் போட முடியும்.

நன்றியுடன்,
கதவு, ஜன்னல் பட்டறையினர்
சென்னை