மீந்த மருந்தைப் பத்திரப்படுத்தச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. கொத்தமல்லி வாடாமல் இருக்க ஒரு வழி, வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்காமல் இருக்க ஒரு வழி, இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு குறிப்பு: "குழந்தைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் மீந்தால் கொட்டிவிடாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அடுத்த காய்ச்சலுக்குக் கைகொடுக்கும்."

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அமாக்சிசிலின் போன்ற குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் பவுடராகத்தான் பாட்டிலில் வருகின்றன. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, அப்புறம் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்ற வேண்டும். நுரை அடங்கியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், மறுபடி கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கலக்கிய பிறகு அந்த மருந்துக்கு ஆயுள் பொதுவாக ஏழு நாள். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தாக இருந்தால் அந்த ஏழு நாளும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். லேபிளில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி, தண்ணீர் படாத பவுடருக்கு உரியது.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தாய், இடுப்பில் கொதிக்கும் காய்ச்சலோடு குழந்தை, கட்டைப் பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்து என் ஜன்னலில் வைத்தார். அடியில் மருந்து கெட்டியாக உறைந்திருந்தது. மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பிசுக்கு. "தேதி இன்னும் இருக்குதேம்மா, இதையே கொடுக்கட்டுமா?" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. லேபிளில் இருந்ததை நம்பினார். இனிமேல் அப்படிப்பட்டவர்கள் உங்கள் பத்திரிகையையும் நம்புவார்கள். என் ஆத்திரமெல்லாம் அதனால்தான்.

அடுத்த காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தக் காய்ச்சல்? சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடவே தொடாது. மழைக்காலத்தில் மீந்த சிரப்பைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்து, குழந்தை துவண்ட பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரி, பாக்டீரியா தொற்றாகவே இருக்கட்டும். குழந்தைக்கு அளவு எடையைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. எட்டு கிலோ இருந்தபோது எழுதிய அளவு பன்னிரண்டு கிலோ ஆனபோது எப்படிப் போதும்? ஒரே மருந்து 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. அக்காவின் பாட்டிலிலிருந்து தம்பிக்கு அதே ஒரு மூடி ஊற்றினால், அவனுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு உள்ளே போய்விடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்திருந்தால், மீதியாவது அநேகமாக அடியில் ஒரு மடக்குதான். பாதி பாட்டில் மீந்திருக்கிறது என்றால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்கு அமாக்சிசிலினை 10 நாள் கொடுக்கச் சொல்வது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப் போகாமல் இருக்கத்தான். அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க, எங்கள் மருத்துவமனைக்கு 21 நாளுக்கு ஒரு முறை பென்சாதின் பெனிசிலின் ஊசிக்கு வரும் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளிச் சீருடையோடு வருவாள். ஊசி போடும் முன்பே அவள் கண் கலங்கிவிடும். உங்கள் பக்கத்தில் குறிப்பு எழுதியவர் அவளை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒரு கட்டுரையில் குழந்தை மருந்தை 'ஒரு ஸ்பூன்' என்று போட்டிருந்தீர்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, பாட்டிலோடு வரும் அளவு மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி என்று அப்போதே எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை. அது வந்திருக்க வேண்டிய இதழில் ஒரு நடிகரின் பிறந்தநாள் வாழ்த்துக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள்.

மருந்துக் கடைகளைப் பற்றியும் நீங்கள் எழுதுவதில்லை. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளை 2014 மார்ச்சிலிருந்து மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யாருக்கு விற்றோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எங்கள் தெருக் கடையில் கத்தரிக்கோலால் பட்டையை நறுக்கி நான்கு மாத்திரை கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மறு துண்டோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. கேரளத்தில் 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று பெயர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை நடத்தினார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நாடு முழுவதும் இருந்து வந்த மருத்துவர்கள் கூடிப் பேசி, 2012-ல் 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தது நம் ஊரில்தான். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் கையிலிருந்து அந்தக் குறிப்பு வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கட்டம் கட்டி ஒரு திருத்தம் போடுங்கள்: கலக்கிய ஆன்டிபயாடிக் சிரப்பை வைத்திருந்து கொடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு எழுதியதை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நடுவில் நிறுத்தவோ வேண்டாம். முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இடம் போதாது என்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிடுங்கள். இந்த நான்கு வரிகளை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
மன்னார்குடி.