டீர் தீவுக் காட்சியைத் திருப்பிச் சேருங்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். நவம்பரில் வரும் நன்றிகூறல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விழா நாடகத்தின் இறுதிப் பிரதி போன வாரம் வந்து சேர்ந்தது. 1675இல் பூர்வகுடிகளைப் பாஸ்டன் துறைமுகத் தீவு ஒன்றில் அடைத்ததைப் பற்றிப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுதிய டீர் தீவுக் காட்சி அதில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி அக்கா, கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கட்டுமே" என்று பதில் வந்தது. அந்தக் காட்சியைத் திருப்பிச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தனியாகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அதனால் எல்லோரும் பார்க்கக் கேட்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேற வந்தவர்களின் கதை, நாடகம் நமக்கு மனப்பாடம். அட்டையில் செய்த மேஃப்ளவர் கப்பல், பக்கிள் வைத்த கறுப்புத் தொப்பி (அந்தப் பக்கிள் பிற்காலத்து ஓவியர்கள் ஒட்டவைத்தது, போகட்டும்), கடைசியில் வான்கோழி. 1620இல் இங்கே மாசசூசெட்ஸின் பிளிமத்துக்கு வந்தவர்களும் 1630இல் ஜான் வின்த்ரப்போடு வந்த பியூரிட்டன்களும் நம் மேடையில் ஒரே கப்பலில் வந்து இறங்குகிறார்கள். முன்னவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையே வேண்டாம் என்று பிரிந்தவர்கள். பின்னவர்கள் அதை விட்டு விலகாமல் சுத்தப்படுத்த நினைத்தவர்கள். மேடையில் இதற்கெல்லாம் நேரமில்லை, சரி.

ஆனால் "எல்லோருக்கும் மத சுதந்திரம் தேடி வந்தோம்" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிறார்களே, அதை என்ன செய்வது? பிளிமத்துக்காரர்களுக்கு வழிபட்டுக்கொள்ளும் சுதந்திரம் ஹாலந்தின் லைடன் நகரத்திலேயே இருந்தது. பிழைப்பு கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. (தமிழ்ப் பள்ளி நடத்துகிற நமக்கு இந்தப் பயம் புரியாதா என்ன?) வின்த்ரப்பின் ஆட்கள் வந்தது தங்கள் வேதப்படி ஒரு சமூகத்தைக் கட்ட. அதற்காக உயிரையே பணயம் வைத்தார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே மற்றவர்களுக்கு இடம் வைக்கவில்லை. 1631இலேயே திருச்சபை உறுப்பினருக்குத்தான் வாக்கு என்று ஆக்கிவிட்டார்கள். மாற்றுக் கருத்துச் சொன்ன ரோஜர் வில்லியம்ஸ், ஆன் ஹட்சின்சன் இருவரையும் துரத்தினார்கள். நாடு கடத்திய பிறகும் திரும்பி வந்த, குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் மேரி டையரை 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள்.

இதையெல்லாம் பிள்ளைகள் மேடையேற்றக் கேட்கவில்லை. தூக்குமேடை வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். உங்களைவிடப் பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அவர்கள் எழுதியது நேட்டிக் ஊர் மக்களைப் பற்றி. ஜான் எலியட் என்ற பியூரிட்டன் போதகர் பூர்வகுடிகளின் மொழியைக் கற்று, 1651இல் கிறிஸ்தவர்களான அம்மக்களுக்காக நேட்டிக்கை அமைத்தார். அந்த மொழியில் அவர் பெயர்த்த பைபிள் 1663இல் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் அச்சானது. இந்தக் கண்டத்தில் அச்சான முதல் முழு பைபிள் அதுதான். எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தைச் சேர்ந்த வாவாஸ். அந்த ஊர் மக்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள், ஓய்வுநாளில் கோயிலுக்குப் போனார்கள், சொன்னதையெல்லாம் செய்தார்கள்.

1675இல் வாம்பனோவாக் தலைவர் மெட்டகாமோடு போர் மூண்டது. பூர்வகுடிகள் எவராக இருந்தாலும் சந்தேகம். அக்டோபர் கடைசியில் நேட்டிக்கிலிருந்து சுமார் 200 பேரை இரவோடு இரவாகப் படகில் ஏற்றி, பாஸ்டன் துறைமுகத்திலிருந்த டீர் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு மற்ற ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். குளிர்காலம். தீவை விட்டு வெளியேறினால் மரண தண்டனை. அலை வடிந்ததும் கரையில் மட்டி பொறுக்கித் தின்றார்கள். பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். அப்புறம் போருக்கு வழிகாட்டிகள் தேவைப்பட்டபோது, மிஞ்சிய ஆண்களில் சிலரை அதே அரசு கூட்டிக்கொண்டு போனது. முகாம் என்றால் என்னவென்று நம் குழுவில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாஸ்டனின் லோகன் விமான நிலையத்தில் இறங்கும்போது முட்டை வடிவத்தில் பெரிய தொட்டிகள் தெரியுமே, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், அந்த இடம்தான். இன்று அது தீவும் இல்லை, நிலத்தோடு சேர்ந்துவிட்டது. ஒட்டியிருக்கும் ஊரின் பெயர் வின்த்ரப்.

நீங்கள் நீக்கிய காட்சியில் இரண்டு பெண் பிள்ளைகள் மட்டி பொறுக்குகிறார்கள். "நாங்களும் ஜெபம் செய்தோமே, பிறகு ஏன்?" என்று சின்னவள் கேட்கிறாள். பெரியவள் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். மூன்று நிமிடம்கூட இல்லை. இதில் சின்னப் பிள்ளைகள் பயப்பட என்ன இருக்கிறது? பயந்தது பெரியவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

நான் பியூரிட்டன்களைத் திட்ட வரவில்லை. 50 குடும்பம் இருக்கும் ஊரெல்லாம் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்று 1647இல் சட்டம் போட்டவர்கள் அவர்கள். வேதத்தை மக்கள் படிக்காமல் சாத்தான் தடுத்துவிடுவானாம். காரணம் எதுவானாலும் பள்ளிக்கூடம் வந்தது. அவர்கள் வழிவந்த சபையார்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1824இல் உடுவிலில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். என் அம்மம்மா அங்கே படித்தவர். அந்தக் கடன் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக டீர் தீவை மறைக்க வேண்டுமா?

நம் வரலாற்றை யாராவது திரித்தால் கையெழுத்து வேட்டை நடத்துகிறோம், ஊர்வலம் போகிறோம், ஐ.நா.வுக்கு மனு அனுப்புகிறோம். அடுத்தவர் வரலாறு என்றால் மட்டும் "பாசிட்டிவாக இருக்கட்டும்". பூர்வகுடிகள் பாஸ்டனுக்குள் வந்தால் சிறை என்று 1675இல் போட்ட சட்டம் 2005 வரை நீக்கப்படவில்லை. அதற்குள் நம்மில் பலர் விசா வாங்கி வந்து, இங்கே வீடே வாங்கிவிட்டோம்.

இன்னொன்று. நாடகம் முடிந்த கையோடு மண்டபத்தில் கிறிஸ்மஸ் மரம் ஏற்றுவீர்கள். 1659 முதல் 1681 வரை இங்கே கிறிஸ்மஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். அசல் பியூரிட்டன் ஒருவர் முன்வரிசையில் இருந்திருந்தால் குழுவின் வங்கிக் கணக்கு அன்றே காலி.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இரண்டு: டீர் தீவுக் காட்சியைச் சேருங்கள், கோரஸ் வசனத்திலிருந்து "எல்லோருக்கும்" என்பதை எடுத்துவிடுங்கள். நேரம் போதாவிட்டால் வான்கோழி நடனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். கூடையும் உடையும் நாங்களே கொண்டுவருகிறோம், உங்களுக்குச் செலவில்லை. ஒத்திகை தொடங்குமுன் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறு நாடகப் பொறுப்பாளர் அண்ணாவையும் குழுவினரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போடுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
பெரிய வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா