இழுக்கிற கருவி வேறு, சுற்றுகிற கருவி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தில் மினி டிராக்டர் பற்றி வந்ததைப் படித்தேன். வண்டி விலை, மானியம், டீசல் செலவு எல்லாம் இருந்தது, வண்டி எடுத்தவர்கள் கொஞ்ச நாளிலேயே வெல்டிங் பட்டறை வாசலில் போய் நிற்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

எங்கள் கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிறைய. மர வரிசைக்குள் பெரிய வண்டியைத் திருப்ப முடியாது என்றுதான் சின்ன வண்டி வாங்குகிறோம், ஆனால் கடையில் போய்க் கேட்டால் பெரிய வண்டிக்கான கருவியைத்தான் காட்டுகிறார்கள். சரி என்று களம் நிரவ ஒரு பரம்பு, மட்டையும் சருகும் வார ஒரு வாரி, தென்னைக்கு வட்டப்பாத்தி அணைக்க ஒரு தகடு என்று நாமே செய்துகொள்கிறோம். இதில் தப்பே இல்லை. என் பரம்பின் அடி விளிம்பு பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அந்த இரும்பைச் சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தால் பற்றின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும், அதனால் ஓட்டை போட்டு போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். ஓட்டை போடும்போது டிரில் பிட் மழுங்கிப் பட்டறைக்காரர் முனகுவார், முனகட்டும். ஒரு பக்கம் தேய்ந்தால் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ளலாமே.

ஆனால் இப்போது சிலர் புல் வெட்டும் கருவியையும் இப்படியே செய்யக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அதுதான் பயம். வண்டியின் பின்னால் இருந்து அந்தக் கருவியைச் சுற்றவைக்கிற பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. மேலே உறை இல்லாத தண்டில் லுங்கி முனையோ துண்டோ பட்டால் கையால் பிடித்து இழுக்க நேரம் இருக்காது, பிளேடு கழன்றால் எந்தத் திசையில் போகும் என்றும் சொல்ல முடியாது. பின்னால் இழுத்துக்கொண்டு வருவதை ஊரில் செய்யலாம், சுற்றுவதைக் கம்பெனிக்காரனிடமே வாங்குங்கள். அப்புறம், வேர்க்கட்டை இழுக்கும்போது சங்கிலியை டாப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கிற கம்பி) பக்கம் உயரத்தில் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். முன் சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். கீழே டிராபாரில், அதாவது வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும்.

இதையெல்லாம் பட்டறைக்காரர்களுக்கு யார் சொல்வது? மானியம் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள கம்பெனிக் கருவிக்குத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை பரம்பு, வாரி, பாத்தித் தகடு மூன்றுக்கும் அளவு போட்ட வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பட்டறைகளுக்குக் கொடுத்தால் போதும். கருவியை வண்டியோடு கீழே இரண்டு கையும் மேலே டாப் லிங்க்கும் பிடிக்கும். சின்ன வண்டிகளில் வழக்கமான முதல் வகை இணைப்புக்குக் கீழ்க்கை பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் 28 மி.மீ. பின்னைப் பற்றவைத்துவிட்டு, கீழ்க்கை ஏறவில்லை என்று அந்தக் கையின் ஓட்டையையே கேஸ் கட்டரில் அகலப்படுத்துகிற பட்டறை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மினி டிராக்டர் வைத்திருக்கும் ஒரு விவசாயி,
கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்.