பாஸ்புக்கில் காணும் 354 ரூபாய் பிடித்தம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

செங்கோட்டை

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் நம் வாடிக்கையாளரான ஒரு பெரியவர், கேரளத்தின் ஆரியங்காவிலிருந்து பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கணவாய் தாண்டி வந்தார். மாதந்தோறும் 5ஆம் தேதி 354 ரூபாய் குறைந்திருந்த வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ஒவ்வொரு வரியிலும் தானாகப் பணம் பிடிக்கப்பட்டதைக் குறிக்கும் ‘ஏ.சி.ஹெச். டி’ என்ற எழுத்துகளும், அவர் கேள்விப்பட்டே இராத ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தன. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து கணக்கிலிருந்த பணத்தை அவர் எடுத்துவிட, அடுத்த தவணை திரும்பிப்போய், வங்கி அதற்கு அபராதமும் அபராதத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்திருந்தது.

அந்தப் பணம் அவர் வீட்டு ஆர்.ஓ. குடிநீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு நம் கடையில் போட்ட ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் தவணைதான். ஓராண்டுப் பராமரிப்புக் கட்டணம் 3,600 ரூபாய், வரி 648 ரூபாய், ஆக 4,248 ரூபாய். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 354 ரூபாய். தவணை முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக நிதி நிறுவனம் முழுத் தொகையையும் எங்களுக்கு முதலிலேயே செலுத்திவிட்டு, உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் வசூலித்துக்கொள்கிறது. ஆகவேதான் பாஸ்புக்கில் கடையின் பெயர் வருவதில்லை. கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை. சொல்லாதது எங்கள் தவறு. அபராதத் தொகையை அவருக்கு நாங்களே கொடுத்துவிட்டோம்.

கணக்கிலிருந்து தவணை பிடிக்க அனுமதி தந்து நீங்கள் கையெழுத்திடும் மேன்டேட் படிவத்தில் ‘அதிகபட்சத் தொகை’ என்ற இடத்தில் தவணையைவிடப் பெரிய தொகை இருப்பதைப் பார்த்துச் சிலர் கலங்குகிறார்கள். அது உச்ச வரம்பு மட்டுமே. பிடிக்க வேண்டியது ஒப்பந்தத்தில் உள்ள தவணைதான். ஆனால் படிவத்தின் முடிவுத் தேதியை அவசியம் பாருங்கள். ஏனெனில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் மேன்டேட் உயிரோடு இருக்கக்கூடும். மொபைல் செயலியின் யு.பி.ஐ. ஆட்டோபே வழியாகக் கட்டுபவர்களுக்குப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால் யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்ற மூன்றும் தெரியும்.

ஏ.எம்.சி. வேண்டாம் என்றால் முதலில் எங்களிடம் எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடியுங்கள். மேன்டேட்டை ரத்து செய்வது அதன் பிறகுதான். மேன்டேட்டை மட்டும் நிறுத்தினால் பிடித்தம் நிற்கும், பாக்கி நிற்காது. அது உங்கள் கடன் மதிப்பெண்ணையும் பாதிக்கும்.

கேரள முகவரியுள்ளவர்களின் பில்லில் வெளிமாநிலத்துக்கான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என ஒரே வரியாகவும், தமிழ்நாட்டு முகவரிக்கு மத்திய, மாநில ஜி.எஸ்.டி. 9, 9 சதவீதம் என இரண்டு வரிகளாகவும் இருக்கும். மொத்தத் தொகையில் வேறுபாடு கிடையாது.

இனி ஒவ்வொரு ரசீதிலும் நிதி நிறுவனத்தின் பெயர், பிடிக்கும் தேதி, கடைசித் தவணையின் மாதம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதித் தருவோம். அந்தப் பெயரோடு பொருந்தாத பிடித்தம் ஏதேனும் இருந்தால் அது நம் ஏ.எம்.சி.க்கு உரியதன்று, உடனே வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

கடைக்கு வர இயலாத பெரியவர்கள், சர்வீஸுக்கு வரும் எங்கள் மெக்கானிக்கிடம் பாஸ்புக்கின் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். அவர் அங்கிருந்தே எங்களை அழைத்து, உங்கள் முன்னாலேயே கணக்கைச் சரிபார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்