சோலைப் பாதையில் குப்பை பொறுக்கும் நாள்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை நம் பள்ளி நடைபயண மன்றத்தின் 24 மாணவர்கள் கோத்தகிரி லாங்வுட் சோலையை ஒட்டிய பாதையில் குப்பை பொறுக்கப் போகிறார்கள். 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இங்கே ஊறி இறங்கும் தண்ணீர்தான் கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீர். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஆகவே வெளிப்பாதையோடு நிறுத்திக்கொள்வோம்.

காலை 9.30க்குத் தொடங்கி 12 மணிக்கு முடிப்போம். இன்னும் முன்னதாகக் கிளம்பலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கரடியும் காட்டெருமையும் பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான் தேயிலைத் தோட்ட ஓரங்களில் நடமாடும். அந்த நேரத்தில் பிள்ளைகளை அங்கே நிறுத்த எனக்குச் சம்மதமில்லை. மேகமூட்டம் இறங்கினால், வளைவில் வரும் வண்டிக்குப் பிள்ளைகள் தெரியமாட்டார்கள், உடனே திரும்பிவிடுவோம்.

ஆறு பேருக்கு ஒரு பெரியவர் வீதம் நான்கு குழுக்கள். ஒவ்வொன்றிலும் மூவர் இடுக்கியால் எடுப்பார்கள், ஒருவர் சாக்கு பிடிப்பார், ஒருவர் கணக்கு எழுதுவார். மீதி ஒருவர் குனியவே மாட்டார். சாலையையும் புதரையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவர் வேலை. காட்டெருமை தென்பட்டால் ஓடாமல், சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்க வேண்டும். படம் எடுக்கக் கைபேசி வெளியே வரக்கூடாது.

கறுப்புக் குப்பைப் பைகள் வேண்டாம். உண்ணிச்செடி முள்ளில் பட்டதும் கிழிந்து, பொறுக்கியதெல்லாம் மறுபடி சிதறிவிடும். வீட்டில் காலியான 25 கிலோ அரிசிச் சாக்கு இருந்தால் கொடுத்தனுப்புங்கள். மழையில் ஊறிய பிளாஸ்டிக் மண்ணோடு சேர்ந்து நன்றாகக் கனக்கும். சாக்கைப் பாதிக்குமேல் நிரப்பமாட்டோம். பாட்டிலைச் சாக்கில் போடுமுன் வாயைக் கீழே சாய்த்துக் கொட்ட வேண்டும். தண்ணீர் போகும் என்பதோடு, உள்ளே மாட்டிக்கொண்ட வண்டோ ஓணானோ பிழைத்துப் போகும். சரிவில் பாதி புதைந்த பிளாஸ்டிக்கை இழுக்கக் கூடாது. கரை மண் சரியும். வெளியே தெரிவதை மட்டும் வெட்டி எடுப்போம்.

கண்ணாடியைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பெரியவர்கள் மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சேர்ப்பார்கள். நீலகிரியில் 2022 முதல் மதுக்கடையில் காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் கிடைக்கிறது. அந்தப் பாட்டில்களையும் பெரியவர்களே கையாள்வார்கள். ஊசி, நாப்கின், என்னவென்று தெரியாத திரவம் எதைக் கண்டாலும் கையை உயர்த்தி நின்றால் போதும்.

கணக்கு எழுதுவதற்கு நான் பெரிய மதிப்பு தருகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் பாதையில் கிடக்கிறது. ஒவ்வொரு 100 அடிக்கும் தின்பண்ட உறை எத்தனை, கப் எத்தனை, பாட்டில் எத்தனை என்று எழுதினால், எந்தத் திருப்பத்தில் வண்டிகளை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள் என்பது தெரியும். அங்கே தொட்டியோ பலகையோ கேட்டு மனு கொடுக்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

குப்பை வண்டி 12 மணிக்கு வர ஏற்பாடாகியிருக்கிறது. சாக்குகளைச் சாலையோரம் விட்டுவந்தால் திங்கள்வரை தாங்காது. சாப்பாட்டு வாசனைக்குக் குரங்கும் கரடியும் கிழித்துப் போட்டுவிடும். இதே காரணத்தால் பிள்ளைகள் தின்பண்டம் எதுவும் கொண்டுவர வேண்டாம். டிபன் பள்ளியிலேயே இருக்கட்டும், திரும்பிவந்து கை கழுவியபின் சாப்பிடலாம்.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, மூடிய ஷூ. காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டால் அட்டை ஏறுவது குறையும். ஸ்டீல் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர். ரப்பர் பூச்சுக் கையுறையும் இடுக்கியும் பள்ளி தரும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது, தேனீ கொட்டினால் ஒவ்வாமை உண்டா என்பதைச் சம்மதச் சீட்டில் மறக்காமல் எழுதி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். உடன்வர இயலும் பெற்றோர் இன்னும் இருவர் தேவை. அதே சீட்டில் தெரிவிக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை